மீன்கார அம்மாளின் ரேடியோ

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு சிறு மகாநாடு கூடும். ஒரு பக்கம் என் மனைவி. எதிர்ப் பக்கம் மீன் கூடையுடன் அந்த அம்மாள். சங்கராவின் விலை, நெத்திலியின் வயது, போன வாரத்து வஞ்சிரத்தின் நடத்தை ஆகியவை பற்றிக் காரசாரமாக விவாதம் நடக்கும். நான் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நடுநிலைமை வகிப்பேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று அந்த அம்மாள் பேரமே பேசவில்லை. கேட்ட விலைக்கு மீனைப் போட்டுவிட்டு, "ஸார் இருக்காரா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க படிச்சவரு ஸார். புள்ளையோட போட்டுக்கு ஒரு வயர்லெஸ் வாங்கணும். ஒரு கடையில அஞ்சு வாட்டு போதும்ங்கறான். இன்னொரு கடையில இருபத்தஞ்சு வாட்டு வாங்கு, அதான் தூரமாப் போவும்ங்கறான். இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். இரண்டு பவுன் சங்கிலி. "இத வச்சாத்தான் ஸார் ஆவும்."

படித்தவன் அல்லவா? முகத்தை மேதாவி மாதிரி வைத்துக்கொண்டு, "இருபத்தைந்து என்பது ஐந்தைவிடப் பெரியது. பெரியதையே வாங்கிவிடுங்கள்" என்றேன். என் கணக்கு சரிதான், மற்றதெல்லாம் தப்பு. நல்ல வேளையாக அன்றைக்கு அடகுக் கடைக்கு விடுமுறை.

அந்த அம்மாளுக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்ல வேண்டும். போன ஐப்பசியில் ஒரு நாள் அவருடைய மகனும் இன்னும் இரண்டு பேரும் ஃபைபர் படகில் வலைக்குப் போனார்கள். கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டது. செல்போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். அது பத்திரமாகத்தான் இருந்தது, சிக்னல்தான் இல்லை. இருட்டிவிட்டது. மழைக்காலத்தில் நம் கரையோரம் நீரோட்டம் தெற்கே இழுக்கும். அது இழுத்த இழுப்புக்கு இரவெல்லாம் போய், விடிந்த பிறகு கோவளத்துக்கு நேரே வேறு ஊர்ப் படகு ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த இரவு முழுவதும் அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்திருந்தாராம். "அலை சத்தம் தவிர ஒண்ணும் கேக்கல ஸார்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

என் தப்பைத் திருத்தியவர் எதிர் வீட்டுப் பெரியவர். வணிகக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். 'கட்டுக் கடகட' என்று மோர்ஸ் தந்தி அடித்தே உலகத்தைச் சுற்றியவர். 1999 பிப்ரவரி முதல் தேதியோடு கப்பல்களில் புதிய பாதுகாப்பு ஏற்பாடு முழுமையாக அமுலுக்கு வந்து, மோர்ஸ் அடிக்கும் அதிகாரி கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. அன்று முதல் மனுஷர் தம் ஞானத்தையெல்லாம் கேட்க ஆள் இல்லாமல் மூட்டை கட்டி வைத்திருந்தார். நான் போய் வாயைத் திறந்தேனோ இல்லையோ, மூட்டை அவிழ்ந்துவிட்டது.

"மெரினாவில் 1977-ல் கலங்கரை விளக்கம் திறந்தார்களே, அதை ஏன் அத்தனை உயரமாகக் கட்டினார்கள்? இன்னும் பெரிய பல்பாகப் போட்டுத் தரையில் வைத்திருக்கலாமே?" என்று கேட்டார்.

"தரையில் வைத்தால் தூரத்திலிருந்து தெரியாதே!"

"அதேதான். படகு ரேடியோவும் அப்படித்தான்."

சங்கதி இதுதான், சகோதரிகளே. படகுகளில் உபயோகிக்கும் வி.எச்.எஃப். ரேடியோவின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் கடல் வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. அலை அதற்கு மேலாகப் போய்விடுகிறது. மொட்டை மாடியில் ஏறினால் தெருக்கோடி தெரிவது போல, ஏரியலை உயர்த்தினால்தான் தூரம் கிடைக்கும். (ஏரியல் என்று சொன்னால் என் வீட்டுச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். ஆண்டெனா என்று சொல்ல வேண்டுமாம். எதிர் வீட்டுப் பெரியவர் ஏரியல் என்றுதான் சொல்கிறார். நானும் அவர் கட்சி.)

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஏரியல் தண்ணீர் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் எல்லை சுமார் 4 கிலோமீட்டர். 4 மீட்டர் உயரமானால் 8 கிலோமீட்டர். 9 மீட்டரானால் 12. அதாவது உயரத்தை நாலு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்கு. பேசுகிறவருடைய எல்லையையும் கேட்கிறவருடைய எல்லையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். படகில் உட்கார்ந்தபடி கையில் ரேடியோ பிடித்திருக்கும் இருவருக்கு 4-ம் 4-ம் 8 கிலோமீட்டர். இருவரும் 4 மீட்டர் கம்பத்தில் ஏரியல் கட்டியிருந்தால் 16.

எட்டுக்கும் பதினாறுக்கும் இரண்டு மடங்குதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவர் ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார். சுற்றளவில் எட்டாமல் பரப்பளவில் பாருங்கள்: நாலு மடங்கு கடல்! அந்த வட்டத்துக்குள் இருக்கும் படகுகளும் ஏறக்குறைய நாலு மடங்கு. எஞ்சின் நின்று தவிக்கிற படகுக்கு முதலில் கைகொடுப்பது பெரும்பாலும் இன்னொரு படகுதான். கோவளத்துக்கு நேரே கயிறு போட்டதும் ஒரு படகுதானே?

அப்படியானால் வாட் எதற்கு? வாட் என்பது குரலின் பலம். கையடக்க ரேடியோக்களில் 5 அல்லது 6 வாட் இருக்கும். படகில் பொருத்துகிற பெரிய பெட்டியில் 25 வாட். சர்வதேச விதிப்படி படகு வி.எச்.எஃப்.புக்கு அதற்கு மேல் கிடையாது. யாராவது ஐம்பது, நூறு என்று ஆசை காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பலமான குரல் தெளிவாகக் கேட்கும், இரைச்சலை மீறும், அதெல்லாம் உண்மை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளை எட்டிப் பார்க்க வேண்டுமானால் கத்திப் பிரயோஜனமில்லை, முக்காலியில் ஏற வேண்டும். அதோடு, 25 வாட்டில் பேசும்போது அந்தப் பெட்டி 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த அம்மாளின் மகன் படகில் பாட்டரியே கிடையாது. எஞ்சினைக் கையால்தான் சுற்றிக் கிளப்புகிறார்கள். பெட்டி வாங்கினால் பாட்டரி வாங்க வேண்டும். பாட்டரி வாங்கினால் அதற்கு நனையாத பெட்டி வேண்டும். தினமும் கரைக்குத் தூக்கி வந்து சார்ஜ் போட வேண்டும். சங்கிலி போதாது, வளையலும் போகும்.

இனி ஏரியலுக்கு வருவோம். கடையில் ஏரியல் கேட்டால், "3 டெசிபெல்லா, 6-ஆ, 9-ஆ?" என்பார்கள். எண் பெரிதாக ஆக விலையும் பெரிது, நீளமும் பெரிது. இந்த இடத்தில்தான் பெரியவர் விழித்தார். டெசிபெல்லை எனக்கு விளக்கத் தெரியாமல் அவர் திண்டாடியபோது, காபி கொண்டு வந்த என் மனைவி, "சப்பாத்தி மாவு மாதிரியா?" என்று கேட்டாள். பெரியவர் துள்ளி எழுந்தார். அதேதானாம்!

மாவு உருண்டை ஒன்றுதான். குழவியால் லேசாக அழுத்தினால் அடை மாதிரி தடிமனாக இருக்கும். இன்னும் தேய்த்தால் சப்பாத்தி. இன்னும் தேய்த்தால் அப்பளம். மாவு அதிகமாகவில்லை, அகலமாகி மெலிந்துவிட்டது. 3 டெசிபெல் ஏரியல் அடை. 6 டெசிபெல் சப்பாத்தி. 9 டெசிபெல் அப்பளம். ஆடாத அசையாத பெரிய கப்பலில் அப்பளம் நாலா திசையிலும் நெடுந்தூரம் பரவும். ஆனால் ஒன்பது மீட்டர் ஃபைபர் படகு அலையில் சாயும்போது ஏரியலும் சாயும், அப்பளமும் சாயும். ஒரு விளிம்பு ஆகாயத்தைத் தொடும், மறு விளிம்பு தண்ணீரில் முங்கும். கரையை நோக்கிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நட்சத்திரங்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தடிமனான அடையோ எத்தனை சாய்ந்தாலும் ஏதோ ஒரு பகுதி நேராகவே இருக்கும். ஆகையால் சின்னப் படகுக்கு 3 டெசிபெல் ஏரியல்தான் உசிதம். ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பி, விலையும் குறைவு. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்க வேண்டும். சில ஏரியல்களுக்கு அடியில் உலோகத் தகடு இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். இரும்புப் படகுக்கு அது பொருந்தும். ஃபைபர் படகில் உலோகம் ஏது? அடித்தகடு வேண்டாத 'அரை அலை' ஏரியல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கேபிள். இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பெரியவருக்கோ இதில்தான் உயிர். ரேடியோவிலிருந்து ஏரியலுக்கு ஏறுகிற வழியிலேயே சக்தி கசிந்து போகிறதாம். ஆறு மீட்டர் நீளமுள்ள மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். தடிமனான ஆர்.ஜி. 213-இல் பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆனால் கசிவைவிடப் பெரிய சத்துரு களிம்பு. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாவிட்டால் புளிக்குழம்பு என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் செம்புக் கம்பியை அதைவிட மோசமாகப் படுத்தும். கேபிளின் முனையில் ஒரு துளி நுழைந்தால் போதும், உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பேறி ஒரு வருஷத்தில் ரேடியோ ஊமையாகிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் புதுசு போலவே இருக்கும். ஆகவே ஈயம் பூசிய செம்புக் கம்பியுள்ள படகுக் கேபிளாகப் பார்த்து வாங்கி, மூட்டுக்களைத் தண்ணீர் புகாத நாடாவால் நெருக்கச் சுற்றிவிட வேண்டும். மூட்டு எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

கடைசியில் பெரியவர் சொன்ன யோசனை இது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையடக்க ரேடியோவிலேயே, தலையிலுள்ள ரப்பர் ஏரியலைத் திருகிக் கழற்றக்கூடிய ரகம் உண்டு. அதை வாங்கிக்கொள்வது. படகில் மூங்கில் கம்பம் நட்டு, தண்ணீரிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் அந்தக் கம்பி ஏரியலைக் கட்டிவிடுவது. கடலில் இருக்கும்போது கேபிளை ரேடியோவில் மாட்டிக்கொண்டால் ஐந்து வாட் ரேடியோவுக்கு மாடி வீடு கிடைத்துவிடுகிறது. தடித்த கேபிளை நேராகத் திருகினால் ரேடியோவின் மூக்கே ஒடிந்துவிடும். நடுவில் ஒரு முழம் மெல்லிய கேபிள் போட வேண்டும். படகு கவிழ்கிற ஆபத்து வந்தால் ஒரு திருகலில் கழற்றி, ரப்பர் ஏரியலை மாட்டி, ரேடியோவை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்கலாம். 25 வாட் பெட்டி படகோடு முழுகிப்போகும். இது கூடவே வரும். அலையில் இழுத்துக் கரையேற்றும் படகு ஆதலால் கம்பத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கவும் வழி வேண்டும். ஏரியலே மாட்டாமல் பேச்சுப் பொத்தானை மட்டும் ஒருபோதும் அழுத்தக் கூடாது, ரேடியோவே கெட்டுவிடலாம்.

நானும் அந்த அம்மாளும் கடைக்குப் போனோம். முதல் கடையில் ரேடியோ என்று எடுத்து நீட்டியது கலியாண மண்டபத்துக் காவல்காரர்கள் வைத்திருக்கும் வாக்கி டாக்கி! பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும்; ஆனால் அது வேறு அலைவரிசை. கடலில் எல்லாக் கப்பலும் காது கொடுக்கும் அபாய அழைப்பு வரிசை 16-ஆம் எண், 156.8 மெகாஹெர்ட்ஸ். அது இல்லாத ரேடியோ படகுக்கு ஆகாது. "இது தண்ணீரில் விழுந்தால்?" என்று கேட்டேன். "விழாமப் பாத்துக்குங்க" என்றார் கடைக்காரர். வெளியே வந்துவிட்டோம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். 'ஐ.பி.எக்ஸ். 7' என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது என்று அர்த்தம். ஆனால் அது மிதக்கும் என்று அர்த்தமல்ல! தண்ணீர் புகாமலே சமர்த்தாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். 'மிதக்கும்' என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

பணம் இடம் கொடுத்தால் இன்னொரு வசதியையும் பார்க்கலாம். மூடிக்கு அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால், படகின் 9 இலக்க அடையாள எண்ணும் அது இருக்கும் இடமும் 70-ஆம் வரிசையில் தாமாகவே போகும். அதே வசதியுள்ள கப்பல்களில் எல்லாம் அபாய மணி அடிக்கும். பயத்தில் நாக்குக் குழறினாலும், எதிரே இருப்பது வேற்று மொழிக் கப்பலானாலும் பாதகமில்லை. இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். எண் பெற்றுப் பதிந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். ரேடியோ வைத்துக்கொள்ளவே மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். படகுத் தொடர்புக் கருவிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்ததுண்டு. சங்கிலியை அடகு வைக்குமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

"அப்போ செல்போன் வாணாமா ஸார்?" என்று கேட்டார் அந்த அம்மாள். இருக்கட்டும், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அதில் போட்டு வைக்கட்டும். ஆனால் போனில் பேசினால் ஒருவருக்குத்தான் கேட்கும். ரேடியோவில் கூப்பிட்டால் வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்த ரேடியோ மட்டும் போதாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியபோது, தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. எந்த மூங்கில் கம்பமும் அவ்வளவு தூரம் எட்டாது. அத்தனை வீடுகள் அழுததற்குச் செய்தி போய்ச் சேராததும் ஒரு காரணம். அவர்களுக்கு வேண்டியது ஆகாயத்திலுள்ள செயற்கைக் கோள் வழியாகச் செய்தி போக்குவரத்துச் செய்யும் கருவி. 1 லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நம் அம்மாளின் மகனோ இரவில் கலங்கரை விளக்கத்தின் ஒளி தெரிகிற தூரத்தைத் தாண்டுவதில்லை. அவருக்கு இது போதும்.

போதும் என்று நான் சொல்லி முடித்த பிறகு, அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் எங்கள் இருவரையும் மடக்கியது. "எம்புள்ள கூப்புடுவான், சரி. கேக்கறது யாரு ஸார்? பக்கத்து போட்டுல ரேடியோவே இல்லியே?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருஷம் கப்பலில் இருந்தவருக்குக் கேட்கிற ஆள் எப்போதும் இருந்தார். அதனால் அந்த யோசனையே வரவில்லை போலிருக்கிறது. அந்த அம்மாள் எங்களைப் போலக் காகிதத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. குப்பத்தில் வீடு வீடாகப் போய், கோவளத்து இரவைச் சொல்லி, இன்னும் மூன்று படகுக்காரர்களின் மனைவிமாரைச் சேர்த்துவிட்டார். நாலு படகுக்கும் ஒரே மாதிரி ரேடியோ, ஒரே மாதிரி ஏரியல், நாலு மூங்கில். மொத்தமாக வாங்கியதால் விலையும் சற்று இறங்கியது. பேரம் பேசியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உரிமத்துக்கு மனு போட்டாகிவிட்டது. அது வரும் வரையில் பெரியவர் சாயங்காலந்தோறும் குப்பத்துக்குப் போய், ரேடியோவைத் திறக்காமலே பாடம் நடத்துகிறார்: 'மேடே' என்று மூன்று தரம், பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், சொல்லிவிட்டுப் பொத்தானை விட வேண்டும், இல்லாவிட்டால் பதில் கேட்காது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டை என் மனைவி வெகுவாகச் சிலாகித்தாள். எந்த ஆளை நினைத்துச் சிலாகித்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் சங்கராவுக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டார். என் மனைவி ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள்.